மரோனி முகத்துவாரத்தில் கலினா மக்களின் போக்குவரத்து

சுரினாமையும் பிரெஞ்சு கயானாவையும் பிரிக்கும் மரோனி ஆறு அட்லாண்டிக் கடலில் கலக்கும் இடத்தில், இரு கரைகளிலும் வாழும் தொல்குடியினர் கலினா. கரிபிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த மொழி பேசும் இவர்கள், வெனிசுவேலாவிலிருந்து பிரேசில் வரையான கரையோரத்தில் பரவியுள்ளனர். மேற்கே சுரினாம் கரையில் கலிபி என்று வழங்கும் கிறிஸ்டியான்கொன்ட்ரே, லங்கமன்கொன்ட்ரே ஊர்களும், எதிரே பிரெஞ்சுக் கரையில் அவாலா–யாலிமாப்போவும் உள்ளன. கொள்வினை கொடுப்பினை ஆற்றைக் கடந்தே நடந்துவந்தது. துக்கம் முடிக்கும் எபெகொட்டோனோ சடங்குக்கு இரு கரைச் சொந்தமும் திரளும். சம்புலா மேளம் ஒலிக்க, மரவள்ளியில் நொதிக்கவைத்த கசிரி பரிமாறப்படும்.

இக்கரையோரம் நிலையாக இருப்பதில்லை. அமேசான் கொட்டும் வண்டலில் ஒரு பகுதி பெரும் சேற்றுத் திட்டுகளாகத் திரண்டு, ஆண்டுக்கு ஒரு கிலோமீட்டருக்கும் மேலாக வடமேற்கே நகர்கிறது. திட்டு வந்து நிற்கும் இடத்தில் அலை அடங்கி அலையாத்திக் காடு முளைக்கும். அது விலகியதும் கடல் கரையை அரிக்கும். மனா ஆற்று வாயிலில் நீண்டிருந்த புவான்ட் இசேர் மணல்முனை இப்படித்தான் கரைந்தது. கடல் நெருங்கினாலும், புனத்தில் மண் வளம் குன்றினாலும், ஊரைப் பெயர்த்துக்கொண்டு போவது கலினாக்களுக்குப் பழகிய வழி. அதைத் தடுத்தது பின்னால் வந்த நிர்வாகம்.

மேற்குக் கரையில் 1846இல் அல்பினாவும், கிழக்கில் 1858இல் பிரெஞ்சுக் கைதிகளுக்கான சான் லோரானும் எழுந்தன. ஆற்றின் மேல்பகுதியில் எந்தக் கிளை எல்லை என்று பிரான்சும் நெதர்லாந்தும் பூசலிட, 1891இல் ரஷ்யப் பேரரசர் மூன்றாம் அலெக்சாந்தர் லாவா கிளையே எல்லை என்று தீர்ப்பளித்தார். அந்த ஆற்றை அவர் கண்டதே இல்லை.

ஆயினும் இந்த எல்லைக் கோடு கலினாக்களுக்கு உறைத்தது 20ஆம் நூற்றாண்டில்தான். 1946இல் பிரெஞ்சு கயானா பிரான்சின் மாவட்டமானது. 1960களில் அங்குள்ள தொல்குடிகளுக்குக் குடியுரிமை அளிக்கப்பட்டது. 1975இல் சுரினாம் விடுதலை பெற்றது. ஒரே குடும்பத்தில் சிலர் பிரெஞ்சிலும் சிலர் டச்சிலும் படிக்க, உதவித்தொகையும் மருத்துவமும் அடையாள அட்டையைப் பொறுத்தவை ஆயின. 1984 டிசம்பரில் அவாலாவில் கூடிய தொல்குடியினர் நில உரிமை கோரினர். அங்கு கலினா தலைவர் ஃபெலிக்ஸ் தியூகா ஆற்றிய உரை இன்றும் பேசப்படுகிறது. அந்தப் பத்தாண்டின் இறுதியில் அவாலா–யாலிமாப்போ மனா நகராட்சியிலிருந்து பிரிந்து தனி நகராட்சியானது.

1986இல் சுரினாமில் உள்நாட்டுப் போர் மூண்டபோது ஏறத்தாழ 10,000 பேர் கிழக்குக் கரைக்கு ஓடிவந்தனர். பெரும்பாலோர் தப்பியோடிய ஆப்பிரிக்க அடிமைகளின் வழித்தோன்றல்களான மரூன்கள்; கலினாக்களும் இருந்தனர். பிரான்ஸ் அவர்களை அகதிகள் என்று ஏற்காமல், ‘தற்காலிகமாக இடம்பெயர்ந்தோர்’ என்று வகைப்படுத்தியது. தலைமுறைகளாகக் கடந்துவந்த ஆற்றைத் தாண்டியவர்களுக்கு இந்தப் பெயர் எவ்வளவு பொருந்தும் என்பது ஐயமே.

இயற்கைக் காப்பகங்களின் கதையும் இதேதான். ஏழுவரி ஆமைகள் முட்டையிடும் கடற்கரைக்காகச் சுரினாம் 1969இல் கலிபி காப்பகத்தையும், பிரான்ஸ் 1998இல் அமானா காப்பகத்தையும் அமைத்தன. மணல் இடம் மாற மாற ஆமைகளும் கரை மாறி ஏறுகின்றன. காப்பகத்தின் எல்லை மாறுவதில்லை. கலிபி காப்பகத்தை எதிர்த்தும் கூட்டு நில உரிமை கோரியும் கீழ் மரோனியின் கலினா மக்களும் லோகோனோ என்ற மற்றொரு தொல்குடியினரும் வாழும் எட்டு ஊர்கள் தொடுத்த வழக்கில், அமெரிக்க நாடுகளிடை மனித உரிமை நீதிமன்றம் 2015 நவம்பரில் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. பிரான்ஸ் அந்நீதிமன்றத்தின் வரம்புக்குள் வராததால், கிழக்குக் கரையில் உள்ள அவர்களுடைய உறவினருக்கு இத்தீர்ப்பு செல்லாது.