ஒட்டும் மடிப்புக்கு அடியில்

அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1862இல், பென்சில்வேனியா உச்ச நீதிமன்றம் சிப்பாய்களின் ஓட்டில் கை வைத்தது. போர்முனையிலிருந்து ஓட்டுப் போட்டால் செல்லாது. சொந்தத் தொகுதியில் நேரில் வந்துதான் போட வேண்டும் என்றது. துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டு எவன் வருவான்? தீர்ப்பை எழுதிய நீதிபதி ஜார்ஜ் உட்வர்ட், மறு ஆண்டே ஜனநாயகக் கட்சி சார்பில் ஆளுநர் பதவிக்கு நின்று தோற்றார். 1864 ஆகஸ்டில் வாக்காளர்கள் மாநில அரசியல் சட்டத்தையே திருத்தி அந்த உரிமையை மீட்டார்கள்.

சிப்பாய் ஓட்டு லிங்கனுக்குத்தான் விழும் என்ற பயம் அன்றைய ஜனநாயகக் கட்சிக்கு. இன்று மோசடியைக் காரணம் காட்டித் தபால் ஓட்டுக்குக் கடிவாளம் கேட்பது லிங்கனின் குடியரசுக் கட்சி.

மோசடியே நடந்ததில்லை என்று வாதிடுவதும் சரியல்ல. நியூயார்க் சிப்பாய்களின் பெயரில் போலி ஓட்டுத் தயாரித்த ஆட்கள் 1864இல் பால்டிமோரில் பிடிபட்டார்கள். வட கரோலினாவின் 9வது காங்கிரஸ் தொகுதியில் 2018இல் ஒரு கட்சி ஏஜென்டின் ஆட்கள் வீடு வீடாகப் போய்த் தபால் ஓட்டுகளை வாங்கிக்கொண்டார்கள். தேர்தல் வாரியம் விசாரித்தது, மறுதேர்தலுக்கு உத்தரவிட்டது. இருந்த சட்டமே அதற்குப் போதுமானதாக இருந்தது.

டெக்சாஸ் அப்படி நினைக்கவில்லை. அங்கே தபால் ஓட்டு பெரும்பாலும் 65 வயது நிரம்பியவர்களுக்கும் உடல் ஊனமுற்றவர்களுக்கும்தான். 2021இல் வந்த புதுச் சட்டம், உறையில் ஓட்டுநர் உரிம எண்ணை அல்லது சமூகப் பாதுகாப்பு எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தை எழுதச் சொன்னது. எழுதிய எண் வாக்காளர் பதிவேட்டில் உள்ள எண்ணோடு பொருந்த வேண்டும். பல பத்தாண்டுகளுக்கு முன் பெயரைப் பதிந்தபோது எந்த எண்ணைக் கொடுத்தோம் என்று யாருக்கு நினைவிருக்கும்? போதாக்குறைக்கு, அந்தக் கட்டம் அச்சாகியிருந்தது உறையை ஒட்டும் மடிப்புக்கு அடியில். பலர் கண்ணிலேயே அது படவில்லை.

2022 மார்ச்சில் நடந்த உட்கட்சித் தேர்தலில் 24,000க்கும் மேற்பட்ட தபால் ஓட்டுகள் தள்ளுபடியாயின. ஏறக்குறைய எட்டுக்கு ஒன்று. நவம்பர் பொதுத் தேர்தலுக்குள் அந்த விகிதம் வெகுவாகக் குறைந்தது உண்மைதான். ஆனால் மார்ச்சில் தள்ளப்பட்ட ஓட்டுகள் போனது போனதுதான்.

விவகாரம் நீதிமன்றம் போனது. 2023இல் சான் அந்தோனியோவின் கூட்டாட்சி நீதிபதி, இந்த எண் விதி குடிமை உரிமைகள் சட்டத்துக்கு முரணானது என்றார். மேல்முறையீட்டு நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் அந்தத் தீர்ப்பைப் புரட்டிப்போட்டது.