இழைப்புளியும் நானும்

ஆம்பூரில் என் வீட்டுத் திண்ணையில் ஞாயிறுதோறும் ஒரு சிறு தச்சுப்பட்டறை நடைபெறுகிறது. ஏழாம் வகுப்புப் பேரன், ஐந்தாம் வகுப்புப் பேத்தி, ஓய்வுபெற்ற தலைமையாசிரியனாகிய நான் ஆகிய மூவருமே தொழிலாளர். வேப்பம்பலகையில் ஒரு ஸ்டூல் செய்யத் தொடங்கிய நாளன்று பேத்தி, "தாத்தா, உங்கள் பள்ளியிலும் இதைக் கற்றுக்கொடுத்தீர்களா?" என்று கேட்டாள். நேரே விடை கூற நாணி, டால்ஸ்டாய் பண்ணையின் வரலாற்றைக் கூறலானேன்.

1910ஆம் ஆண்டில், ஜோகன்னஸ்பர்க் நகருக்கு அருகே தமக்கிருந்த 1,100 ஏக்கர் நிலத்தை, காலன்பாக் என்னும் கட்டடக் கலைஞர் சத்தியாக்கிரகிகளின் குடும்பங்களுக்கு வாடகையின்றி அளித்தார். அங்கே வாழ்ந்த பிள்ளைகளுள் தமிழ்ப் பிள்ளைகளும் இருந்தனர். காந்தியடிகள் தமக்குத் தெரிந்த சிறிதளவு தமிழைக் கொண்டே அவர்களுக்குத் தமிழ் கற்பித்தார். காலன்பாக் ஒரு கிறித்துவ மடத்தில் செருப்புத் தைக்கக் கற்று வந்தார். அவரிடம் பாரிஸ்டரான காந்தியடிகள் கற்றார். அடிகளிடம் மற்றவர் கற்றனர். தோலைத் தொட்டுப் பிழைத்தோரை ஊருக்கு வெளியே நிறுத்திய நாட்டில் பிறந்தவர் செய்த காரியம் இது! தோல் பதனிடும் ஊரினனாகிய எனக்கு இதனைச் சொல்லுந்தோறும் நெஞ்சு நிமிரும்.

பண்ணையில் தச்சு வகுப்பும் நடந்தது. ஆயினும் என்னை ஆட்கொண்டது அவ்விடத்து விதி ஒன்றே: ஆசிரியர் தாம் செய்யாத வேலையை மாணவரைச் செய்யச் சொல்லலாகாது. குழி தோண்டினாலும் மரம் வெட்டினாலும் ஓர் ஆசிரியர் உடன் நின்று உழைத்தார்.

பின்னர் 1937 அக்டோபரில் வார்தாவில் கல்வி மாநாடு கூடிற்று. அதன் வழி அமைந்த ஜாகீர் உசேன் குழு, கல்விக்கு நடுநாயகமாகக் கொள்ளத்தக்க தொழில்களுள் நூற்பு, உழவு முதலியவற்றோடு தச்சையும் தோல் வேலையையும் சேர்த்தது. இவற்றையெல்லாம் ஆசிரியப் பயிற்சியில் நான் மனப்பாடம் செய்தவன். தேர்வில் நல்ல மதிப்பெண்ணும் பெற்றவன்.

அப்படிப்பட்ட நான் தலைமையாசிரியனானதும் செய்தது யாது? தேர்ச்சி விழுக்காட்டிற்கு அஞ்சி, கைத்தொழிற் பாடவேளையைக் கணக்கிற்குக் கொடுத்தேன். உளிகள் அலமாரியில் துருப்பிடித்தன. நானோ அவற்றை ஒரு நாளும் கையில் எடுத்தறியேன்.

இதைப் பேத்தியிடம் ஒளிக்காமல் சொன்னேன். அவள் ஒன்றும் கூறவில்லை. ஸ்டூலின் ஒரு கால் நீண்டு, உட்கார்ந்தால் ஆடியது. பேரன் இழைக்க முயன்றான்; அலகு மரத்தில் சிக்கி நின்றது. அவன் இழைப்புளியை என்பால் நீட்டினான். "இப்போது நீங்கள், தாத்தா."

எனக்கும் சிக்கிற்று. பேத்தி நன்றாகச் சிரித்தாள்.