பள்ளியில் புகையிலைப் பாடம்

புகையிலையின் கேட்டை வகுப்பில் கற்பிக்கும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் வேரூன்றியது. மதுவிலக்குப் பெண்கள் இயக்கத்தில் மேரி ஹன்ட் முன்னின்று நடத்திய முயற்சியால், 1882இல் வெர்மான்ட் மாநிலம் மது, போதைப் பொருள்களின் தீமையைப் பாடமாக்கியது. பிற மாநிலங்களும் பின்தொடர்ந்தன. பிள்ளைகளை அச்சுறுத்துவதே அப்பாடங்களின் முறை.

1970களில் ஹூஸ்டன் பல்கலைக்கழக உளவியலாளர் ரிச்சர்ட் எவன்ஸ் வேறு வழி கண்டார். பதின்வயதினருக்கு நுரையீரல் நோய் எங்கோ தொலைவில் இருப்பது; நண்பன் நீட்டும் சிகரெட்டோ கண்முன் நிற்பது. அதனால் தடுப்பூசி போடுவதுபோல், அந்த வற்புறுத்தலை முன்கூட்டியே காட்டி மறுக்கப் பழக்கினார். இந்தத் துறையின் பெரிய திருப்பம் இதுதான்.

டெல்லியிலும் சென்னையிலும் 2004 முதல் 2006 வரை 32 பள்ளிகளில் நடந்த ‘மைத்ரி’ ஆய்வு இவ்வழியில் வந்தது. தொடக்கக் கணக்கெடுப்பே கவலை தந்தது: 8ஆம் வகுப்பைவிட 6ஆம் வகுப்பில் புகையிலைப் பயன்பாடு அதிகம். பாதிப் பள்ளிகளில் ஆசிரியரின் அறிவுரையோடு நிற்காமல், மாணவத் தலைவர்களே சிறு குழுக்களை வழிநடத்தினர். பெற்றோருக்கு அஞ்சலட்டைகள் போயின. அங்கே பழக்கம் குறைந்தது, மற்றப் பள்ளிகளில் கூடியது.

இந்தியாவில் பள்ளியிலிருந்து 100 கஜத்துக்குள் புகையிலை விற்பதை 2003ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்திருந்தது. இ-சிகரெட் விற்பனை 2019இல் தடையானது. பழ மணமும் பேனா வடிவமும் கொண்ட அக்கருவியை அடையாளம் காண்பதும் அதன்பின் பாடத்தில் சேர வேண்டியதாயிற்று.