த்ரீ நாட் த்ரீ ரைஃபிள்: பிறப்பும் மறுசீரமைப்பும்

லீ-என்ஃபீல்டு என்பது பிரிட்டிஷ் பேரரசின் படைகளும், பின்னர் சுதந்திர இந்தியாவின் ராணுவமும் காவல்துறையும் பயன்படுத்திய ரைஃபிள். ஒவ்வொரு முறை சுட்டதும் போல்ட்டைக் கையால் இழுத்துத் தள்ள வேண்டும். குழலின் உள்விட்டம் .303 அங்குலம் (7.7 மி.மீ.) என்பதால் காவலர் பேச்சில் ‘த்ரீ நாட் த்ரீ’. பல பத்தாண்டுகள் புழங்கிய இத்துப்பாக்கியின் உடல் ஒரு காலத்தையும், குழல் வேறொரு காலத்தையும், மரக்கட்டை இன்னொரு காலத்தையும் சேர்ந்ததாக இருக்கலாம். அதனால் இதன் வரலாற்றைப் பாகம் பாகமாகத்தான் படித்தறிய வேண்டும்.

தோற்றம்

ஸ்காட்லாந்தில் பிறந்து கனடாவில் வளர்ந்த ஜேம்ஸ் பாரிஸ் லீ போல்ட் அமைப்பையும் தோட்டாப் பெட்டியையும் வடிவமைத்தார். லண்டனுக்கு வடக்கே என்ஃபீல்டில் இருந்த அரசு ஆயுத ஆலையின் பெயர் இதனுடன் சேர்ந்துகொண்டது. முதல் வடிவம் 1895இல் வந்தது. காலாட்படைக்கும் குதிரைப்படைக்கும் பொதுவாக நீளம் குறைத்த வடிவம் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது. அதன் மூன்றாம் மார்க் (திருத்த வடிவம்) 1907இல் ஏற்கப்பட்டது. ஐந்தைந்து தோட்டாக்கள் கொண்ட இரண்டு கிளிப்புகளால் நிரப்பப்படும் பத்துத் தோட்டாப் பெட்டியும், ஏறத்தாழ நான்கு கிலோ எடையும் இதன் அடையாளங்கள். முதல் உலகப் போரின்போது உற்பத்தியை விரைவுபடுத்த, தொலைதூரக் குறிகாட்டி போன்ற சில பாகங்களைக் கைவிட்டார்கள். அந்த எளிய வடிவம் மூன்று என்ற எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறியோடு பொறிக்கப்பட்டது.

இந்தியத் தயாரிப்பு

வங்காளத்தில் ஹூக்ளிக் கரையில் உள்ள இஷாப்பூரில், பழைய வெடிமருந்து ஆலை இருந்த இடத்தில் இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் ரைஃபிள் தொழிற்சாலை எழுந்தது. இங்கே தயாரானவை தவிர, என்ஃபீல்டு, பர்மிங்காமின் பி.எஸ்.ஏ., ஆஸ்திரேலியாவின் லித்கோ ஆகிய ஆலைகளில் பிறந்த ரைஃபிள்களும் இந்தியாவில் புழங்கின. பழுதானபோது அவற்றுக்கு இஷாப்பூர்ப் பாகங்கள் பொருத்தப்பட்டன.

பொறிப்புகளைப் படிக்கும் முறை

போல்ட் கைப்பிடிக்குக் கீழே, பின்கட்டை வந்து சேரும் இரும்புக் கழுத்தின் வலப்பக்கத்தை முதலில் பார்க்க வேண்டும். மேலே கிரீடம், அதனடியில் அரசரின் எழுத்துகள், பிறகு ஆலையின் பெயர், ஆண்டு, மார்க் எண் என வரிசையாக இருக்கும். ‘ஜி.ஆர்.ஐ.’ என்றிருந்தால் பேரரசர் ஜார்ஜ் காலத்து இந்தியத் தயாரிப்பு. குடியரசான பின் கிரீடத்தின் இடத்துக்கு அசோகச் சிங்கமும், ஆலைப் பெயருக்கு ‘ஆர்.எஃப்.ஐ.’ என்ற சுருக்கமும் வந்தன. அம்புக்குறிக்குக் கீழே ‘ஐ’ என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அது இந்திய அரசுச் சொத்து.

இந்தக் கழுத்திலுள்ள ஆண்டு உடலின் வயதை மட்டுமே சொல்லும். குழலுக்குத் தனித் தேதி உண்டு. கழுத்தில் 1918 என்றும் குழலில் 1943 என்றும் இருந்தால், முதல் போர்க்காலத்து ரைஃபிளுக்கு இரண்டாம் போரின்போதோ அதற்குப் பிறகோ புதுக் குழல் மாட்டியிருக்கிறார்கள் என்று கொள்ளலாம். வரிசை எண் உடலிலும் போல்ட்டிலும் குறிகாட்டியிலும் முகப்பு மூடியிலும் ஒன்றாக இருக்க வேண்டும். போல்ட்டில் பழைய எண்ணை அடித்துப் பக்கத்தில் புது எண் பொறித்திருந்தால் அது வேறொரு துப்பாக்கியிலிருந்து வந்த போல்ட்.

மறுசீரமைப்பு

‘எஃப்.டி.ஆர்.’ என்ற மூன்றெழுத்தும் ஓர் ஆண்டும் தென்பட்டால், அந்த ஆண்டில் ரைஃபிள் ஆலைக்குத் திரும்பி முழுமையாகப் பிரித்துச் சீராக்கப்பட்டிருக்கிறது. பாகங்களை அளவுமானி வைத்துச் சோதிப்பார்கள். தேய்ந்த குழலை மாற்றுவார்கள். வழக்கத்தைவிட அழுத்தம் மிகுந்த சோதனைத் தோட்டாவைச் சுட்டு, தாங்கியதற்கு அடையாளமாகக் குறுக்கே வைத்த இரு கொடிகளின் முத்திரையைக் குத்துவார்கள்.

குழல் தேய்வதற்குச் சூடு மட்டும் காரணமன்று. பழைய தோட்டாக்களின் பற்றவைப்பு மருந்து விட்டுச்செல்லும் உப்பு ஈரத்தை இழுத்துத் துருவேற்றும். அதனால் சுட்டு முடித்ததும் குழலில் கொதிநீர் ஊற்றிக் கழுவுவது படைகளில் வழக்கம். பின்கட்டையின் அடியில் உள்ள சிறு மூடியைத் திறந்தால், எண்ணெய்க் குப்பியும் துணி கோத்து இழுக்கும் கயிறும் வைப்பதற்கான குழி இருக்கும். அந்தக் கயிற்றைக் கோணலாக இழுத்து இழுத்தே குழல்வாய் தேய்ந்த ரைஃபிள்களும் உண்டு.

முன்கட்டை பிளக்காமலிருக்கக் குறுக்கே செலுத்திய திருகு இந்தியச் சீரமைப்பின் தெளிவான அடையாளம். இரும்பின் மேல் பூசிய கறுப்புப் பெயின்ட்டும், கட்டையில் வெட்டி ஒட்டிய புது மரத்துண்டும் அடுத்த தடயங்கள். முன்பகுதியில் செம்புக்கம்பி நெருக்கமாகச் சுற்றியிருந்தால் அது கையெறிகுண்டு வீசப் பயன்பட்டது.

மாற்று வடிவங்கள்

காவல்துறைக்காகக் குழலை .410 அளவுக்கு அகட்டி, ஒற்றைத் தோட்டா மட்டும் ஏற்கும்படி மாற்றிய ‘மஸ்கட்’ இஷாப்பூரில் உருவானது. சுட முடியாதபடி துளையிட்டு ‘டி.பி.’ என்று குறித்தவை என்.சி.சி. அணிவகுப்புப் பயிற்சிக்குப் போயின. 1962 சீனப் போருக்குப் பின் வந்த 7.62 மி.மீ. ‘2ஏ’, ‘2ஏ1’ ரைஃபிள்களைப் பழைய .303இன் மறுவடிவம் எனப் பலர் கருதுவது தவறு. அவை வலுவான எஃகில் புதிதாகச் செய்யப்பட்டவை. பன்னிரண்டு தோட்டா கொள்ளும் சதுரப் பெட்டியே அவற்றைக் காட்டிக்கொடுக்கும்.

திருச்சிப் பகுதி

1966இல் தொடங்கப்பட்ட திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலை, .303க்குப் பின் வந்த இன்சாஸ் ரைஃபிளையும் தன் ஊர்ப்பெயர் தாங்கிய அசால்ட் ரைஃபிளையும் தயாரித்தது. 2021 அக்டோபர் முதல் இது ஏ.டபிள்யூ.இ.ஐ.எல். என்ற பொதுத்துறை நிறுவனத்தின் அங்கம்.

ஓய்வு

உத்தரப் பிரதேசக் காவல்துறை 2020 குடியரசு நாள் அணிவகுப்போடு .303க்கு விடைகொடுத்தது. ராணுவத் தோட்டா அளவு என்பதால் 1959 ஆயுதச் சட்டத்தின் கீழ் இது பொதுமக்களுக்குத் தடைசெய்யப்பட்ட வகை. அருங்காட்சியகங்களில் வைக்கப்படும் ரைஃபிள்களுக்குக் கழுத்தில் உள்ள ஆண்டை மட்டும் எழுதினால் போதாது. உடல், குழல், கடைசிச் சீரமைப்பு ஆகிய மூன்றின் ஆண்டுகளையும் தனித்தனியே எழுதினால்தான் அந்தக் குறிப்பு சரியானதாகும்.