விடை அச்சிடப்படாத பாடநூல்: ஹோஷங்காபாத் அறிவியல் கல்வித் திட்டம் (1972–2002)

முன்னுரை

பள்ளிச் சிறார்க்கான எளிய அறிவியல் சோதனைகளைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் அவற்றின் மலிவையே போற்றுகின்றன. ஆய்வகம் இல்லாத பள்ளியிலும் தீக்குச்சி, வெற்றுப் புட்டி, சைக்கிள் வால்வுக் குழாய் ஆகியவற்றைக் கொண்டு அறிவியல் கற்பிக்கலாம் என்பது அவை தரும் செய்தி. அது உண்மையே, ஆயினும் வரலாற்று நோக்கில் போதுமானதன்று. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் முப்பது ஆண்டுகள் நடைபெற்ற அறிவியல் கல்வித் திட்டத்தில், கருவியின் விலையைக் காட்டிலும் விடை கூறும் உரிமை யாருக்குரியது என்ற வினாவே முதன்மை பெற்றது. திட்டம் வேரூன்றியதற்கும் நிறுத்தப்பட்டதற்கும் அவ்வினாவோடு உள்ள தொடர்பை இக்கட்டுரை ஆராய்கிறது. இத்திட்டம் ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு உரியது. இந்தியக் கல்வி வழக்கில் தொடக்கநிலைக் கல்வி என்பது எட்டாம் வகுப்பு வரையிலானதாதலின் இவ்வகுப்புகளும் அதனுள் அடங்கும்.

பற்றாக்குறையில் பிறந்த மரபு

எளிய கருவிகளைக் கொண்டு அறிவியல் கற்பிக்கும் நூல் மரபிற்கு இரண்டாம் உலகப்போர் ஒரு திருப்புமுனையாகும். போரில் பள்ளிகளும் ஆய்வகங்களும் அழிந்த நாடுகளின் அறிவியல் ஆசிரியர்களுக்கென ஜே. பி. ஸ்டீபன்சன் எழுதிய கையேட்டை யுனெஸ்கோ 1948இல் வெளியிட்டது. அதனை அடித்தளமாகக் கொண்டு விரிவாக்கப்பட்ட அறிவியல் கற்பித்தல் மூலநூல் 1956இல் வெளிவந்து, பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது. கருவியை விலைக்கு வாங்க இயலாதபோது கையில் இருப்பதைக் கொண்டு எவ்வாறு செய்துகொள்வது என்பதே இந்நூல்களின் அக்கறை. சோதனையின் செய்முறையும் அதில் காணவேண்டிய விளைவும் பெரும்பாலும் ஒருங்கே கூறப்பட்டன. கருவி மாறியது, ஆசிரியர், மாணவர், நூல் ஆகிய மூன்றிற்கும் இடையிலான உறவு மாறவில்லை.

பதினாறு பள்ளிகள்

1972இல் ரசூலியாவிலிருந்த நண்பர்கள் ஊரக மையமும், மூலக்கூற்று உயிரியலாளர் அனில் சத்கோபால் நிறுவிய கிஷோர் பாரதியும் இணைந்து ஹோஷங்காபாத் மாவட்டத்தின் 16 நடுநிலைப் பள்ளிகளில் திட்டத்தைத் தொடங்கின. அவை தனியார் சோதனைப் பள்ளிகள் அல்ல. அரசின் இசைவோடு தேர்ந்தெடுக்கப்பட்ட வழக்கமான ஊரகப் பள்ளிகள். டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் யஷ்பால் உள்ளிட்ட அறிவியலாளர்கள் துணைநின்றனர். அடுத்த ஆண்டு முதல் டெல்லிப் பல்கலைக்கழக ஆசிரியர்களும் பங்கேற்றனர். உயர்கல்வி நிறுவனங்களைச் சேர்ந்தோர் சிற்றூர்ப் பள்ளி ஆசிரியரோடு ஒரே தரையில் அமர்ந்து பூவைப் பிரித்துப் பார்த்த காட்சி, அக்காலக் கல்வி அடுக்குமுறையை அறிந்தோர்க்கு வியப்பளிக்கும்.

அவ்வாறு பூவைப் பிரிப்பதற்குரிய ஊசியின் இடத்தைக் கருவேல முள் பெற்றது. இது சிறு செய்தியாகத் தோன்றலாம். ஆனால் ஊசி நகரத்துக் கடையிலிருந்து வரவேண்டியது. முள்ளோ மாணவன் பள்ளிக்கு வரும் வழியில் இருப்பது. எந்த மரத்து முள் கூரியது, எது எளிதில் ஒடியும் என்பதை ஆசிரியரைவிட மாணவன் நன்கறிவான். மலிவு என்ற சொல் இங்கு நிகழ்ந்ததை முழுமையாக விளக்காது. 1978இல் புனேயின் மோட்டார் வாகனத் தொழிற்சாலை ஒன்றிலிருந்து விடுப்பில் வந்த பொறியாளர் அரவிந்த் குப்தா, வால்வுக் குழாய்த் துண்டுகளில் தீக்குச்சிகளைச் செருகி வடிவங்கள் அமைத்ததையும் இவ்வாறே நோக்கவேண்டும். நான்கு குச்சிகளால் அமைந்த சதுரம் அழுத்தினால் சாய்கிறது. மூன்றால் அமைந்த முக்கோணம் சாய்வதில்லை. கூரைச் சட்டங்கள் முக்கோணமாக அமைவதன் காரணத்தை மாணவரின் விரல்களே உணர்ந்துகொள்கின்றன.

நூலும் தேர்வும்

திட்டத்தின் பாடநூல் 'பால் வைஞானிக்', அதாவது இளம் அறிவியலாளர், எனப் பெயர் பெற்றது. அதில் சோதனைக்கான குறிப்புகள் இருந்தன, வினாக்கள் இருந்தன, விடைகள் இல்லை. மாணவர்கள் நால்வர் கொண்ட குழுக்களாகச் சோதனை செய்து, கண்டவற்றைத் தத்தம் குறிப்பேட்டில் எழுதினர். பின்னர் வகுப்பு முழுவதும் அவற்றை விவாதித்தது. ஒரே பொருளைப் பலர் அளக்கும்போது அளவுகள் சிறிது வேறுபடும். வழக்கமான வகுப்பில் ஆசிரியர் 'சரியான' அளவைக் கூறி அவ்வேறுபாட்டை மறைத்துவிடுவார். இந்நூலோ வேறுபாட்டையே ஒரு பாடமாக்கியது. நாணயத்தைச் சுண்டி, தலையும் பூவும் விழுந்த எண்ணிக்கைகளைக் கரும்பலகையில் தொகுத்து நிகழ்தகவை உணரச் செய்த பாடமும் இத்தகையதே. இங்கு எந்தத் தனி மாணவனின் முடிவும் பிழையன்று. அனைவரின் முடிவுகளும் சேர்ந்தாலன்றிப் பாடம் நிறைவுறாது.

இத்தகைய நூல் ஆசிரியரைக் கடினமான நிலையில் நிறுத்தியது. மாணவர் கேட்பதற்கெல்லாம் விடை அறிந்தவர் என்பதே ஊரில் அவர் பெற்ற மதிப்பின் அடிப்படை. 'தெரியவில்லை, பார்ப்போம்' என்று அவர் கூறுவதற்குப் பயிற்சி மட்டும் போதாது, துணையும் வேண்டும். கோடை விடுமுறைப் பயிற்சிகளோடு, ஆசிரியர்கள் கூடித் தம் வகுப்பறை இடர்களைப் பேசும் மாதாந்திரக் கூட்டங்களையும் திட்டம் ஏற்படுத்தியது. மாணவர் தம் ஐயங்களைச் 'சவாலிராம்' என்னும் கற்பனை மனிதருக்குக் கடிதமாக எழுதினர்; அப்பெயரிலேயே விடைமடல்கள் சென்றன. ஆசிரியர் அறியாததைக் கேட்கவும் மாணவருக்கு இவ்வாறு ஒரு வழி அமைந்தது.

ஆயினும் திட்டத்தின் உயிர்நாடி தேர்வுச் சீர்திருத்தமே எனலாம். எட்டாம் வகுப்புப் பொதுத்தேர்வில் இப்பள்ளிகளுக்கு மட்டும் அறிவியலில் வேறு முறை இசைவளிக்கப்பட்டது. எழுத்துத் தேர்வுக்குப் பாடநூலையும் குறிப்பேட்டையும் கொண்டுசெல்லலாம். செய்முறைத் தேர்வும் உண்டு. நூலில் விடை இல்லாமையால் அதனைப் புரட்டிப் பயனில்லை. மூன்றாண்டுகள் தாமே எழுதிய குறிப்பேடே மாணவரின் துணை. பிற இடங்களில் நல்ல செயல்வழிப் பாடங்கள் தேர்வின் வாயிலில் மடிந்தமைக்கும், ஹோஷங்காபாத்தில் அவை நிலைத்தமைக்கும் இவ்வேற்பாடே காரணம்.

விரிவும் நிறுத்தமும்

1978இல் மாவட்டத்தின் நடுநிலைப் பள்ளிகள் அனைத்திற்கும் திட்டம் விரிவுபடுத்தப்பட்டது. 1982இல் தோன்றிய ஏகலவ்யா அமைப்பு இதன் பொறுப்பை ஏற்றது. காலப்போக்கில் ஏறத்தாழ 15 மாவட்டங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளை இது எட்டியது. எனினும் மாநிலம் முழுவதற்குமான பாடத்திட்டமாக இது ஒருபோதும் மாறவில்லை. அந்த இடைநிலையே இதன் வலுவின்மையாயிற்று. எட்டாம் வகுப்பு வரை விடை தேடிய மாணவர், ஒன்பதாம் வகுப்பில் விடையை மனனம் செய்யவேண்டிய தேர்வுமுறைக்குள் நுழைந்தனர்.

தம் பிள்ளைகள் மேற்படிப்பில் பின்தங்குவர் என்ற குறை இதிலிருந்தே எழுந்தது. மாவட்ட அளவில் எழுந்த எதிர்ப்பைத் தொடர்ந்து, மாநிலம் முழுவதற்கும் ஒரே பாடநூல் என்னும் அடிப்படையில் 2002 ஜூலையில் அரசு திட்டத்தை நிறுத்தியது. நாட்டின் அறிவியலாளர் பலர் விடுத்த வேண்டுகோள்கள் பயனளிக்கவில்லை. திட்டத்தின் சார்பாளர்கள் இம்முடிவை அரசியல் சூழ்ச்சியாக மட்டும் காண்பதுண்டு. அது நிகழ்வின் ஒரு பகுதியையே விளக்கும். குடும்பத்தில் முதன்முறையாக உயர்நிலைப் பள்ளிக்குச் செல்லும் பிள்ளையின் பெற்றோர்க்குத் தேர்வு மதிப்பெண் வெறும் அடையாளமன்று. வேலைக்கான ஒரே வழி. அவர்களது அச்சம் அறியாமையிலிருந்து பிறந்ததன்று. ஆனால் அவ்வச்சத்திற்குக் காரணமான ஒன்பதாம் வகுப்பு முறை ஆராயப்படவில்லை. எட்டாம் வகுப்பு முறையே அகற்றப்பட்டது.

மூன்று ஆண்டுகளுக்குப் பின், தொடக்கத்தில் இத்திட்டத்திற்குத் துணைநின்ற யஷ்பாலின் தலைமையில் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு 2005 உருவாயிற்று. புத்தகத்தைப் பார்த்து எழுதும் தேர்வுகளைச் சிறிய முன்னோடி முயற்சிகளாக நாடெங்கும் தொடங்கிப் பார்க்கலாம் என அது பரிந்துரைத்தது. அத்தகைய தேர்வை ஒரு மாவட்டம் முழுவதும் எழுதிய மாணவர்களுள் பலர் அப்போது தம் பிள்ளைகளை அதே பள்ளிகளில் சேர்க்கும் வயதை அடைந்திருந்தனர்.