யூதர்களின் பாஸ்கா கற்பிக்கும் விடுதலை

பாஸ்கா திருவிழிப்பு இரவில், இஸ்ரயேலர் செங்கடலைக் கடந்த நிகழ்ச்சியை (விடுதலைப் பயணம் 14) நாம் ஆண்டுதோறும் கேட்கிறோம். பழைய ஏற்பாட்டு வாசகங்களைக் குறைக்க நேர்ந்தாலும் இந்த வாசகத்தை விடக்கூடாது என்பது திருவழிபாட்டு ஒழுங்கு. இதே நிகழ்ச்சியை யூத மக்கள் தங்கள் இல்லங்களில் உணவு மேசையைச் சுற்றி அமர்ந்து நினைவுகூருகின்றனர். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28 அன்று வெளியிட்ட 'நம் காலத்தில்' என்ற அறிக்கை, யூத மக்களோடு நமக்குள்ள ஆன்மீக உறவை நினைவூட்டியது. எனவே, அடிமைத்தன விடுதலையைப் பற்றி அவர்கள் என்ன கற்பிக்கிறார்கள் என்று அறிவது நமக்கும் பயன் தரும்.

சேதர் இரவு

நீசான் மாதம் 15ஆம் நாள் தொடங்கும் இரவில் நடக்கும் இவ்விருந்துக்குச் 'சேதர்' என்று பெயர். அதற்கு முன்பே வீட்டிலுள்ள புளித்த மாவுப் பண்டங்கள் அனைத்தும் அகற்றப்படும். வீட்டின் கடைசிப் பிள்ளை, இந்த இரவு ஏன் வேறுபட்டது என்று கேட்கும். பெரியவர்கள் அடிமை வாழ்விலிருந்து தொடங்கி விடுதலை வரை சொல்ல வேண்டும். புளிப்பற்ற அப்பம் அவசரப் பயணத்தையும், கசப்புக் கீரை அடிமைத்தனத்தின் கசப்பையும், பழமும் பருப்பும் சேர்த்து அரைத்த கலவை செங்கல் வேலையின் களிமண்ணையும் குறிக்கின்றன. நான்கு கிண்ணம் திராட்சை இரசம் பருகுவார்கள். ஆனால் எகிப்தின் பத்து வாதைகளைச் சொல்லும்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு துளியைக் கிண்ணத்திலிருந்து எடுத்துவிடுவார்கள். பகைவர் துன்புற்றபோது நம் மகிழ்ச்சி நிறைவாக இருக்க முடியாது என்பது இதற்குத் தரப்படும் விளக்கம்.

கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னா, ஒவ்வொரு தலைமுறையினரும் தாங்களே எகிப்திலிருந்து வெளியேறியதாகக் கருத வேண்டும் என்கிறது. பாஸ்கா யூதர்களுக்குப் பழங்கதை அல்ல, இன்றைய கடமை.

உழைப்பவரின் உரிமை

இந்த நினைவிலிருந்தே யூத ரபிகள் தொழிலாளரின் உரிமையையும் கற்பித்தனர். நாள் கூலிக்கு வந்தவர் நடுப்பகலில்கூட வேலையை விட்டு விலகலாம் என்கிறது தல்மூத். இஸ்ரயேலர் கடவுளின் ஊழியர்கள், ஊழியருக்கு ஊழியராக இருக்கக்கூடாது (காண். லேவியர் 25:55) என்பதே அதற்குக் காரணம். கூலியைப் பொழுது சாயுமுன் கொடுக்க வேண்டும் (இணைச்சட்டம் 24:15). விடுதலை பெறும் அடிமையை வெறுங்கையாய் அனுப்பக்கூடாது (இணைச்சட்டம் 15:13). அந்நியரைத் துன்புறுத்தாதே என்று திருச்சட்டம் 36 இடங்களில் எச்சரிப்பதாகத் தல்மூத் கணக்கிடுகிறது.

மட்டாஞ்சேரி தரும் பாடம்

விடுதலையைக் கொண்டாடுவது எளிது, கொடுப்பது கடினம். நமக்கு அருகிலுள்ள கொச்சி இதற்குச் சான்று. மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டப்பட்ட பரதேசி யூதர்களின் தொழுகைக்கூடம் இன்றும் உள்ளது. அங்கும் ஆண்டுதோறும் பாஸ்கா கொண்டாடப்பட்டது. ஆனால் விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழிவந்த யூதர்கள் அங்கே மற்றவர்களோடு சமமாக அமரவும் திருச்சட்ட நூலை வாசிக்கவும் நெடுங்காலம் அனுமதிக்கப்படவில்லை. அக்குடியில் பிறந்தவர் ஆபிரகாம் பராக் சேலம் (1882-1967). சென்னையில் சட்டம் பயின்ற இவர், காந்தியடிகளின் அறவழியைத் தம் தொழுகைக்கூடத்திலேயே கடைப்பிடித்துப் போராடினார். தடைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. மக்கள் அவரை 'யூத காந்தி' என்று அழைத்தனர்.

நம் நிலை என்ன?

இதைப் பிறர் குறையாக மட்டும் நாம் படிக்க முடியாது. நமது மறைமாவட்டத்தில், உளுந்தூர்பேட்டை அருகே எறையூரில், ஒரே திருமுழுக்குப் பெற்ற மக்களிடையே சாதிப் பாகுபாட்டால் எழுந்த பிரச்சினை 2008 மார்ச்சில் மோதலாக முடிந்தது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தனர்.

கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976இல் வந்தது. அதன் பின்னும் முன்பணத்துக்குக் கட்டுண்ட குடும்பங்கள், பெரும்பாலும் இருளர் மக்கள், தமிழகத்தின் செங்கல் சூளைகளிலிருந்து மீட்கப்பட்டு வருகின்றனர். பார்வோனின் செங்கல் நமக்கு அந்நியமானதல்ல. 1956இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்ட நெய்வேலியிலும் நிரந்தரத் தொழிலாளரும் ஒப்பந்தத் தொழிலாளரும் அருகருகே உழைக்கின்றனர். ஞாயிறு திருப்பலியில் இருவரும் ஒரே அப்பத்தில் பங்கு பெறுகின்றனர். வெளியே வந்ததும் ஒருவரையொருவர் எப்படி அழைக்கிறோம்? யாருடைய வீட்டு விருந்துக்கு யாரை அழைக்கிறோம்? நம் வீட்டில் வேலை செய்யும் பெண்ணுக்குக் கூலியை உரிய நாளில் கொடுக்கிறோமா?

அடுத்த பாஸ்கா இரவில் செங்கடல் வாசகத்தைக் கேட்கும்போது, நாம் மோசேயின் பின்னே நடக்கிறோமா, பார்வோனின் தேரில் இருக்கிறோமா என்று நம்மையே கேட்டுப் பார்ப்போம்.