இடஞ்சார் இடைச்செருகல் வரைபடம்

சில இடங்களில் அளந்த மழை, நிலத்தடி நீர்மட்டம் போன்றவற்றைக் கொண்டு, அளக்காத இடங்களின் மதிப்பைக் கணித்து நிறங்களாலோ சமமதிப்புக் கோடுகளாலோ காட்டும் படம் இடஞ்சார் இடைச்செருகல் வரைபடம் ஆகும்.

முறைகள்: 1968இல் டொனால்டு ஷெப்பர்டு வெளியிட்ட எதிர்த்தொலைவு முறையில், அருகிலுள்ள அளவீட்டுக்கு எடை கூடும், தொலைவிலுள்ளதற்குக் குறையும். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் 0.25 பாகைக் கட்ட மழைத்தரவு, 6,955 மழைமானி நிலையங்களின் பதிவுகளிலிருந்து இம்முறையில் உருவானது. அது 1901 முதலான நாள் மழையைத் தருகிறது. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் டேனி கிரிக் 1951இல் தொடங்கிய ஆய்வை ஜார்ஜஸ் மாத்தரோன் கோட்பாடாக வளர்த்தார். கிரிகிங் எனப்படும் அம்முறை, மதிப்புடன் அதன் பிழை அளவையும் தருகிறது.

பங்காருபாளையம்: இம்முறைகளைப் பயன்படுத்த ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்து மாந்தோப்பு வட்டாரமான பங்காருபாளையம், சித்தூருக்கும் பலமநேருக்கும் இடையில் உள்ளது. சித்தூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர் உயரத்திலும், மொகிலி மலைச்சாலைக்கு மேலுள்ள பலமநேர் சுமார் 700 மீட்டர் உயரத்திலும் உள்ளன. மேற்கூறிய மழைத்தரவின் கட்ட அளவான 0.25 பாகை என்பது ஏறக்குறைய 27 கிலோமீட்டர். ஒரே கட்டத்துக்குள் அடிவாரமும் மலைச்சரிவும் அடங்கிவிடக்கூடும். இத்தகைய நிலத்தில் தொலைவை மட்டும் பார்ப்பது போதாது. உயரத்தைத் துணை மாறியாகச் சேர்க்கும் கிரிகிங்கையும் சோதித்துப் பார்ப்பது நல்லது.

ஆர் மென்பொருளில் வரைதல்: முதலில் எஸ்எஃப் தொகுப்பின் வழியே மழைமானிகளின் அட்சரேகை, தீர்க்கரேகைகளை மீட்டர் அளவிலான ஆயங்களாக மாற்ற வேண்டும். பங்காருபாளையம் யூடிஎம் 44ஆம் வடக்கு மண்டலத்தில் வருகிறது. அடுத்து, தொலைவு கூடக்கூட மதிப்புகள் எவ்வளவு வேறுபடுகின்றன என்பதை ஜிஸ்டாட் தொகுப்பு வேரியோகிராமாகக் கணிக்கிறது. அதற்குப் பொருந்தும் வளைவைத் தேர்ந்து, நுண்கட்டங்களில் கிரிகிங் வழியே மதிப்பிட வேண்டும். விளைவை ஜிஜிபிளாட்2 தொகுப்பில் நிறக்கட்டங்களாக இட்டு, மேலே சமமழைக் கோடுகளையும் வருவாய் மண்டல எல்லைகளையும் வரையலாம். வெளிர்மையிலிருந்து அடர்மைக்குச் சீராகச் செல்லும் விரிடிஸ் போன்ற நிறவரிசை, வானவில் நிறங்களைவிடத் தெளிவானது. நிறக்குருடு உடையோருக்கும் புரியும்.

சரிபார்ப்பு: ஒவ்வொரு மழைமானியையும் ஒருமுறை விலக்கி, மற்றவற்றால் அதன் மழையைக் கணித்து உண்மைப் பதிவோடு ஒப்பிட வேண்டும். மழைமானிகளின் இடங்களைப் புள்ளிகளாகக் காட்டுவதும், பிழைப் படத்தை அருகில் வைப்பதும் இன்றியமையாதவை. சீரான நிறப்பரப்பு, அளக்காத இடத்தையும் அளந்ததுபோல் காட்டிவிடும். ஆந்திரத்தில் வறட்சி வருவாய் மண்டலவாரியாக அறிவிக்கப்படுவதால், எந்தப் பகுதியின் மழை அளந்தது, எது கணித்தது என்பதை உழவரும் அதிகாரிகளும் படத்திலேயே பிரித்தறிய முடிய வேண்டும்.